அப்பா வாபஸ் வாங்கிய பிராது

கண்ணு,

பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. பாண்டிச்சேரியில் புதுமாதிரி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அந்தக் குழாய்க்குள் ரத்தம் ஓடுவதை டாக்டரம்மா கலர் கலராகக் காட்டினார். வீங்கிய இடத்தில் அது நேராகப் போகாமல் சுழன்றுகொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே அசதியாகிவிட்டது.

"பிள்ளைங்களுக்கும் இது வரலாம். எத்தனை பேரு உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஒரே பையன்" என்றார் அப்பா. நானும் உன்னைச் சொல்லவில்லை.

"பொண்ணு இருந்தா மாசமா இருக்கறப்ப ரொம்ப ஆபத்துங்க, அதான் கேட்டேன்."

விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா ஆட்டோக்காரரிடம் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகச் சொன்னார். நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அன்று, உன்மேல் அந்த முருகனிடம் நியாயம் கேட்டு எழுதிக் கட்டிய பிராதை வாபஸ் வாங்கினார்.

"இப்ப எதுக்குங்க?" என்றேன்.

"அவ வாயும் வயிறுமா இருக்கான்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் காது இல்லியா? உடனே டாக்டருகிட்ட காட்டச் சொல்லுடி."

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே போ. அப்பாவுக்கு இருப்பதை உன் டாக்டரிடம் சொல். அவர் சொல்வதை எனக்குச் சொல்வதற்கு முன்னால் அப்பாவிடம் சொல். இப்போதெல்லாம் போன் அடித்தால் அவர்தான் முதலில் எழுந்து போகிறார்.

உன் அம்மா