ஃபுனாஃபுட்டியில் ஒரு வாசல்

அக்டோபர் 12, அல் கோபார், சவூதி

ஹர்ஷினிக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். துவாலு தீவு நாட்டின் நிலமும் பொருளாதாரமும். அவள் பிறப்பதற்கு முன் நானும் ஸ்ரீகாந்தும் அங்கே இருந்தோம் என்பதால் அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். "ஆறு இல்ல, மலை இல்ல. டூனா மீன் பிடிக்க வர்ற வெளிநாட்டுக் கப்பலுங்க தர்ற காசு, டாட் டிவி இணைய முகவரிக்கு வர்ற காசு. தட்ஸ் ஆல் அம்மா."

கோபம் வந்தது எனக்கு. சாயங்காலமானால் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் ஊரே விமான ஓடுபாதையில் பாய் விரித்துக் காற்று வாங்குமே, அதை எந்தத் தலைப்பில் எழுதுவாள்?

நவம்பர் 21

மழை. வாளியோடு பால்கனிக்கு ஓடிவிட்டேன். துவாலுவில் கூரையில் விழும் மழைதான் குடிநீர். இத்தனை வருஷமாகியும் காலுக்கு மறக்கவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்க்கும் ஸ்ரீகாந்த் விழுந்து விழுந்து சிரித்தார். வாளியில் பாதி மண்.

நவம்பர் 28

லோசா பேசினாள். ஃபுனாஃபுட்டியில் எங்களுக்கு வீடு கொடுத்தவள், பக்கத்து வாசல். ஆஸ்திரேலிய விசா குலுக்கலில் அவள் குடும்பத்துக்கு விழுந்திருக்கிறதாம். ஜனவரியில் கிளம்புகிறார்கள். சந்தோஷம் என்று என் வாய்தான் சொன்னது.

சந்தோஷமா? எம்புள்ள அங்க இருக்கானே. பிறந்த வாரமே போனவன். பச்சைப் பிள்ளையை எரிக்கக் கூடாது, புதைக்கணும். தெரியாத ஊர்ல எங்க போறது? லோசாதான் தன் மாமனார், மாமியார், கொழுந்தன் சமாதிகளுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். இறந்தவர்களை அங்கே வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்வார்கள். இனிமே யாரு பெருக்குவா? யாரு பூ வைப்பா?

ஹர்ஷினிக்கு இது எதுவும் தெரியாது.

டிசம்பர் 5

லோசா கிளம்பும் கதையைச் சொன்னதும், குடிபெயர்வு நல்ல பாயிண்ட் என்று ஹர்ஷினி எழுதிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 18

லோசா பிள்ளைகளோடு போய்விட்டாள். போனில் வந்தது அவள் கணவர் பெனி. வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர். நீங்கள் போகவில்லையா என்றேன்.

"பாதி ஆயுசு அடுத்தவங்க கப்பல்லயே போச்சு. அவங்க போகட்டும். வாசல்ல நாலு பேர் இருக்காங்க, நான் எங்க போறது?"

நாலு பேர். அவர் வீட்டு ஆட்கள் மூன்று பேர்தான்.

ஹர்ஷினியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவளுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் என்று சொன்னேன்.