தகரம் கிழியாது

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மலைப் பக்கம் வானம் பழுப்பு. ஷிரோக்கோ, பாலைவனத்துச் சூட்டுக் காற்று, வரப்போகிறது.

அலுவலகத்தில் வேலைப் பங்கீடு. யார் எந்தக் கட்டடத்துக்குப் போவது, எந்தப் படம் எப்போது முடிய வேண்டும், எல்லாம் திங்கள் காலை வெள்ளைப் பலகையில் எழுதப்படும். எழுதுவது அலுவலகத்தை நடத்தும் சிஞ்ஞோரா, அவர் வெளியூர் போனால் நான். மற்றவர்கள் அவரை ஆர்க்கிதெத்தோ, கட்டடக் கலைஞர், என்பார்கள், நான் மட்டும் சிஞ்ஞோரா, வீட்டு அம்மா. அவருடைய தாயின் வீட்டில் நான் தரை துடைத்த காலத்துப் பழக்கம். அந்த வீட்டுக் குப்பையில் கிடந்த கட்டடப் படங்களைப் பார்த்துத்தான் கோடு போடக் கற்றேன். எவரும் சொல்லித் தரவில்லை.

இன்று சிஞ்ஞோரா இருந்தும் பலகையில் எழுதியது ஆரணி. எங்கள் தமிழ் ஆட்களின் பிள்ளை, இங்கே இத்தாலியிலேயே பிறந்து இங்கேயே கட்டடக்கலை படித்தவள். காலநிலை மாற்றத்துக்கு ஏற்ற கட்டடங்கள், அதுதான் அவளுடைய பாடம். வந்து ஒன்றரை வருடம். இனி ஆ. என்று எழுதுவேன். முழுப் பெயருக்கு மை வீண்.

சிஞ்ஞோரா என்னைத் தனியே கூப்பிட்டார். சொன்னது இத்தாலியனில், இங்கே என் தமிழில்:

“ராஜா, கோவிக்காதேயும். செப்டெம்பரிலையிருந்து நான் கிழமைக்கு ரெண்டு நாள்தான் வருவன். பங்கீட்டை ஒராளிட்டைக் குடுக்க வேணும். போர்கோ வெக்கியோ பாலர் பள்ளி வேலை ஆரணியின்ரை திட்டப்படி கிடைச்சால், இனி இந்தக் கந்தோருக்கு வாறது எல்லாம் அப்பிடியான வேலைதான். அப்ப அவளிட்டை. கிடைக்காட்டில் பழையபடி வீடு திருத்திற வேலை. உம்மிட்டை.”

“எப்ப தெரியும்?”

“வாற கிழமை வெள்ளி, பெற்றோர் கூட்டம்.”

ஓம் என்றேன். வேறென்ன.

வாங்க வேண்டியவை: பென்சில், வெண்டிக்காய், மின்விசிறிக்கு வயர்.

ஜூன் 10

அந்தப் பள்ளி முற்றம் முழுக்கச் சீமெந்து. கோடையில் காலை பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளை வெளியே விட முடியாது. அதற்குப் போன வருடம் நான் வரைந்து, கட்டப்படாமல் கிடப்பது: இரும்புக் கால்கள், மேலே தகரம். முடிந்தது வேலை.

ஆ. வரைந்தது: சீமெந்தில் பாதியைக் கிளப்பிவிட்டு மண்ணும் மரமும். மரம் வளரும்வரை சரிவான துணிப் பந்தல். துறைமுகப் பக்கத்துச் சுவரில் காற்று வரத் திறப்பு. திடீர் மழை வெள்ளத்துக்கு நிலத்தடியில் தொட்டி. ஒரு மூலையில் பந்தலும் மண்ணும் செய்து காட்டியும் இருக்கிறாள்.

தகரம் கிழியாது. துணி கிழியும். இதை விளங்கிக்கொள்ளப் பட்டம் வேண்டுமா?

மத்தியானம் சிஞ்ஞோரா அவளைக் கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மீன் சாப்பிடக் கூட்டிப் போனார். நான் சால்வோவோடு அலுவலகத்தில் பாண். சால்வோ இன்னொரு வரைவாளன், வாய் சும்மா இராது.

“உம்மைக் கூப்பிடேல்லையோ?”

“எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது.”

“போன வெள்ளி ரெண்டு தட்டு மீன் சாப்பிட்டது ஆர்?”

பென்சில் சீவ எழும்பினேன்.

ஜூன் 12, வியாழன்

ஷிரோக்கோ. மூன்று நாளாக நித்திரை இல்லை. எங்களுடையது மேல்மாடி. பல்கனிக்கு மேலே நான் போட்ட தகரம் பகல் முழுக்கச் சூடு குடித்து இரவு முழுக்கக் கக்குகிறது. என் மனிசி பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

“உந்தத் தகரத்தைக் கழட்டுங்கோவன்.”

“மழைக்கு?”

“மழை எங்கை பெய்யுது?”

ஆ.வுக்கு இதுவரை கிடைத்தவை: ஜன்னலோர மேசை. புதுக் கதிரை. சிஞ்ஞோராவின் பழைய மர அளவுகோல். அந்த அளவுகோலை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். “அப்பாவின்ரை ஞாபகம், ராஜா, தர ஏலாது” என்றவர்தான்.

இதை மனிசியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவியபடி:

“காலமை எழும்பினதிலையிருந்து ஆரணி, ஆரணி. கலியாணம் கட்டின புதுசிலை என்ரை பேரை நீங்கள் இவ்வளவு தரம் சொல்லேல்லை.”

ஜூன் 15, ஞாயிறு

பள்ளிக்குப் போனேன். வீட்டிலிருந்து நாலு தெரு. வாயிற்காரி தெரிந்தவள், திறந்துவிட்டுத் தேவாலயம் போனாள். பிழை பிடிக்கத்தான் போனேன். இந்தக் குறிப்பில்கூட ஏன் மறைக்க வேண்டும்.

கண்ட பிழைகள்:
கயிறு ஒரு மூலையில் இளகல்.
ஒரு மரக்கன்று வாடல்.
துணியின் நிறம் வாய்க்கவில்லை.

நாலாவதை எழுதுவதற்குப் பந்தலின் கீழே, நனைத்த மண் ஓரமாக, பிள்ளைகளின் சின்னக் கதிரையில் உட்கார்ந்து கம்பத்தில் சாய்ந்தேன். விழித்தபோது நிழல் மற்றச் சுவருக்குப் போயிருந்தது. வாயோரம் எச்சில். சேட்டில் வேர்வை இல்லை. தெருவில் கால் வைத்ததும் அடுப்பு வாய்க்குள் போனது மாதிரி.

இந்தக் கிழமையின் முதல் நித்திரை. ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டில் மனிசி:

“கன்னத்திலை என்ன கோடு?”

“ஒண்டுமில்லை.”

“நித்திரை கொண்ட முகம். எங்கை போனனீங்கள்?”

“கந்தோருக்கு.”

“ஞாயிற்றுக்கிழமை. அங்கை தலகாணியும் குடுக்கினமோ?”

நாலாவது பிழை இன்னும் எழுதவில்லை.

ஜூன் 16, திங்கள்

மறுபடியும் ஆ. பலகையில். எனக்கு ஒரு குளியலறைத் திருத்தம், யாரோ பல் வைத்தியருடையது. பிறகு என் மேசைக்கு வந்தாள்.

“மாமா, பள்ளிப் பக்கம் ஒருக்காப் போனனீங்களோ? மத்தியான வெயிலுக்கை ஆரும் இருந்து பாத்துச் சொன்னால் நல்லம். கம்ப்யூட்டர் கணக்கை அவை நம்பமாட்டினம். நான் சொன்னால் தன்ரை சாமானை விக்கிறாள் எண்டுவினம்.”

“எனக்கு நேரமில்லை, பிள்ளை.”

“சரி மாமா.” கோபமே இல்லாமல் போனாள். அது இன்னும் எரிச்சல்.

நல்ல பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். நல்ல பிள்ளைக்கு என்னுடைய இடம் எதற்கு?

ஜூன் 20, வெள்ளி

பெற்றோர் கூட்டம், பள்ளி மேல்மாடியில். காற்று இறங்கிவிட்டது, சூடு இறங்கவில்லை. சிஞ்ஞோரா, ஆ., நான். ஆ. படங்களைக் காட்டிப் பேசினாள். நன்றாகப் பேசினாள், இத்தாலியன் தண்ணீர் மாதிரி. எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் கல்லுக் கல்லாக வரும்.

சந்தையில் மீன் விற்கும் ஒரு தகப்பன் எழும்பினார். மடியில் மகளை வைத்திருந்தவர், அப்படியே தூக்கிக்கொண்டு எழும்பினார். பிள்ளையின் கழுத்து முழுக்க வேர்க்குரு.

“துணியோ? ஷிரோக்கோ ஒருக்கா அடிச்சால் உது அங்காலை திராப்பானிப் பட்டணத்திலை போய் விழும். பிறகு பாய்க்கப்பல்காரன் எடுத்துக்கொண்டு போவான்.”

சிரிப்பு. ஆ. முகம் சுருங்கிவிட்டது. பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். “ராஜா, நீர் இந்தப் பகுதி ஆள். நீர் சொல்லும்.”

ஒரு சொல் போதும். செப்டெம்பர் என் கையில். ஆ. என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“துணி கிழியும்,” என்றேன். “சில வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும்.”

“பாத்தியளே,” என்றார் மீன்காரர். பிறகு அவரே: “கிழியட்டும், அதை விடும். கீழை இருக்கலாமோ, அதைச் சொல்லும்.” பிள்ளை அவர் தோளில் கழுத்தைத் தேய்த்துச் சொறிந்துகொண்டிருந்தது.

“ஞாயிறு மத்தியானம் போய் இருந்தனான்.”

“அந்த ஷிரோக்கோவுக்கையோ?”

“ஓம்.”

“பிறகு?”

“நித்திரையாகிப் போனன்.”

மீன்காரர் பெரிதாகச் சிரித்தார். “எனக்கும் ஒரு கதிரை போடுங்கோ.” ஆ.வின் திட்டத்துக்குக் கைகள் உயர்ந்தன. எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இருக்கவில்லை.

சிஞ்ஞோரா ஆ.வைக் கட்டிப் பிடித்தார். என் தோளில் ஒரு தட்டு, போகிற போக்கில்.

செப்டெம்பர் போயிற்று.

படியில் பின்னால் “மாமா, மாமா, நில்லுங்கோ” என்று ஆ.வின் குரல். நன்றி சொல்லத்தான் வருகிறாள். இந்த வயதில் இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.