துண்டு போட்ட சீட்டு

ஐப்பசி 14, செவ்வாய்

மகள் கலாவின் போன் இன்னும் சுவிட்ச் ஆஃப். இந்நேரம் அங்கே என்ன நடக்கிறதோ.

காலையில் அவள்தான் கூப்பிட்டாள். "இனிமே அவரு அடிய என்னால தாங்க முடியாதுப்பா. நாலு மணி அரியலூர் பஸ்ல சீட்டு புடிச்சு வைங்க, வந்துடறேன்."

மூன்றரைக்கே ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டுவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் "ஆளு வருது" என்றேன். கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடமும் அதையேதான் சொன்னேன்.

பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் ஏறுவாள் என்று நினைத்தேன். அங்கேயும் அவள் இல்லை.

கண்டக்டர் கத்தினார். "பெரியவரே, பச்சப்புள்ளையோட நிக்குறாங்க. வராத ஆளுக்கு எதுக்குங்க சீட்டு?"

துண்டை எடுத்தேன். அந்தப் பெண் உட்கார்ந்து, "நல்லா இருப்பீங்கய்யா" என்றாள்.

நானா?

மாப்பிள்ளை வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டே தெரு. இறங்கிப் போய்க் கையோடு கூட்டி வந்திருக்கலாம். சீட்டுப் போய்விடுமே என்று, பாவி, அரைமணி நேரம் ஒரு துண்டுக்குக் காவல் இருந்தேன்.