காந்த உருண்டைப் பந்து

ஜூலை 12, ஞாயிறு.

மிளகளவு காந்த உருண்டைகளை ஐந்தைந்தாக வளையமாக்கி, பன்னிரண்டு வளையங்களைச் சேர்த்து நான் செய்த பந்து அது. வீட்டுக்கு வந்த தன் ஆபீஸ் மேனேஜரிடம் என் மகன் பாபு, "நான் பண்ணது சார்" என்கிறான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"பிரிச்சு மறுபடி பண்ணிக் காட்டுங்க பாபு."

பிரித்தான். வளையங்கள் ஒட்டாமல் ஒன்றையொன்று தள்ளின. அவனுக்கு வேர்த்துவிட்டது. "அம்மா, சாருக்கு காபி எடுத்துட்டு வா" என்று என்னை விரட்டினான்.

காபியை வைத்துவிட்டு ஒரு வளையத்தை மட்டும் புரட்டிப் போட்டேன். டக்கென்று ஒட்டியது.

"அட, அம்மாவுக்கும் தெரியுதே!"

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்."

அஞ்சாவதோடு படிப்பை விட்டவள் என்றால் அவ்வளவு இளக்காரமா?

மொத்தத்தையும் உதிர்த்து அவன் டிபன் தட்டில் கொட்டி வைத்திருக்கிறேன். காலையில் வாத்தியார் எழுந்து சேர்க்கட்டும்.