சூரியனுக்கு எத்தனை வளையம்

மார்ச் 3
ஞாயிறு. மாமனார் வீடு. அவருடைய பழைய சீனத் தபால்தலைகளைப் பிரிக்க எத்தனையோ வருடமாக நான்தான் துணை. எல்லாவற்றிலும் ஒரே தலைவர் முகம், மேலே ஒரு சூரியன். சூரியனுக்குள் இரட்டை வளையம் என்றால் ஓர் அச்சு, ஒற்றை என்றால் வேறு அச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். இன்று என் நாற்காலியில் சகலை! போன மாதம்தான் மச்சினியைக் கட்டியவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

“மாப்பிள்ளை!” என்றார் மாமா. “என்ன மாமா?” என்றேன். “நீங்க இல்ல, சின்ன மாப்பிள்ளைய.”

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 5
கண்ணாடி விற்கிறவனுக்குத் தபால்தலையில் என்ன வேலை?

மார்ச் 10
சகலை ஒற்றைக் குவியலில் வைத்த ஒரு தபால்தலையை எடுத்து, “இது இரட்டை, தெரியலையா?” என்றேன். லென்ஸில் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். “நீங்க சொன்னா சரிதான் அண்ணா.”

“பெரிய மாப்பிள்ளை கண்ணு தப்புமா?” என்று மாமா பூரித்துப்போனார். ஜெயித்தேன். ஆனால் அந்தப் பணிவு இருக்கிறதே — அதிலும் என்னை முந்துகிறான். மனைவியிடம் காட்டவென்று அந்தத் தபால்தலையை மாமாவிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

மார்ச் 11
“ஒரு வளையம்தானேங்க இருக்கு?” என்கிறாள். தங்கச்சி புருஷன் என்றதும் இவளும் கட்சி மாறிவிட்டாள். நான் சாப்பிடவில்லை.

மார்ச் 13
பஸ்ஸின் எண் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினேன். அப்போதும் இரண்டு. ஐயோ — எத்தனை தபால்தலைகளைத் தப்பான குவியலில் போட்டேனோ? மாமாவுக்குத் தெரிந்தால் என் நாற்காலி போச்சு. அவனுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்தானே!

மார்ச் 14
சகலை கடை. ஒன்றும் கேட்காமல் உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தபால்தலையை எடுத்தேன்.

“இப்ப எத்தனை அண்ணா?”

“ஒண்ணு.” தபால்தலையைப் பைக்குள் வைத்தேன். “மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

பணமும் வாங்கவில்லை. ஒருவன் நல்லவனாக இருப்பதற்குக்கூடப் பொறாமைப்பட முடியுமா? முடிகிறது.

மார்ச் 17
புதுக் கண்ணாடியோடு இரட்டைக் குவியல் முழுவதையும் மறுபடி பிரித்தேன். “கண்ணு ஏமாத்திடுச்சு மாமா,” என்று நானே சொன்னேன். சிரித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, “மாப்பிள்ளை, அந்த ஆல்பத்த எடுங்க,” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

சகலை நிமிரவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்தேன். அவர் காதிலும் அது விழுந்தது என்பது புதுக் கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது.