பட்டறைக்குக் கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

அப்பா,

புது பிரேக் டிஸ்க் மாட்டிப் பத்தொன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. இந்த வருடத்தில் இது மூன்றாவது ஜோடி. "இருபது வருஷமா நம்பினேன், மட்டமான சாமானை என் தலையில கட்டிட்டியேய்யா" என்று நேற்று போனில் மெக்கானிக் மாமாவிடம் நீங்கள் கத்தியது மாடிவரை கேட்டது.

இன்று நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். கார் சாவியை நான் எடுத்துப் போகிறேன். சோறு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

காலையில் முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்க் நல்ல சாமான்தான். அது பொருந்தும் இடத்தில் துருத்தூள் சிக்கியிருக்கிறது. நட்டுகளில் ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு. அதனால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து சுற்றி, சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து, நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவில் முறுக்கினால் மறுபடி வராது.

பி.கு.: மாமா துருவைத் தேய்த்து, சரியாகத்தான் முறுக்கித் தருகிறார்.

இன்னொன்று. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வருடம் டயர் பஞ்சரானபோது, "டிகிரி வாங்கி என்ன, ஒரு நட்டைக் கழட்டத் துப்பில்ல" என்று சித்தப்பா முன்னால் சிரித்தீர்கள். கார் பட்டறையிலிருந்து வந்த புதிதில் நட்டுகள் எளிதாகக் கழலும். மூன்று முறையும், நீங்கள் மதியம் தூங்கும்போது, சக்கரங்களைக் கழற்றி மாட்டிப் பழகியது நான்தான்.