இரண்டு வயரையும் பிடித்த மீட்டர்

புதன்கிழமை, இரவு.

தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று மணியண்ணன் தன் வேனைச் சாலைக் கடைத்தெருவிலிருந்து என் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். தள்ளி ஸ்டார்ட் செய்து எஞ்சினை ஓடவிட்டு, புதிதாக வாங்கிய கிளாம்ப் மீட்டரை, வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவியை, பேட்டரி வயரில் மாட்டினேன். பூஜ்யம்; பேட்டரிக்குச் சார்ஜே ஏறவில்லை.

"டைனமோ போச்சு அண்ணே, மாத்தணும்" என்றேன்.

"நாளைக்குக் கல்லாறுக்கு லோடு உண்டு கேட்டோ, செல்வி. ஒண்ணுகூடி நோக்கு" என்றார்.

இன்னொரு தடவை குனிந்து பார்த்தால், போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்தே பிடித்திருக்கிறேன்! ஒன்றை ஒன்று கழித்துவிட்டால் மீட்டர் வேறு எதைக் காட்டும்? ஒரு வயரை மட்டும் பிடித்தேன். இருபத்தெட்டு ஆம்பியர்! கத்தியே விட்டேன். டைனமோ ஜம்மென்று இருக்கிறது. எஞ்சினை அணைத்த பிறகும் இரண்டு ஆம்பியர் ஓடியது. அண்ணன் மாட்டியிருந்த பாட்டுப் பெட்டியின் வயரைக் கழற்றினேன், நின்றது. ராத்திரியெல்லாம் பேட்டரியைக் குடித்த திருடன் அகப்பட்டான்!

"ஆளு கொள்ளாமே!" என்று அண்ணன் மெச்சிக் கைதட்டினார். சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

இதே மீட்டரை நம்பித்தான் சனிக்கிழமை ஒரு ஜீப்புக்கு டைனமோ மாற்றினேன். அன்றைக்கு எத்தனை வயரைப் பிடித்தேன்?